திதி கொடுக்க ஆளில்லாதவர்கள்

முதுகலை வகுப்பில் தொல்காப்பியப் புறத்திணையியல் நடத்தும்போது ஒவ்வோராண்டும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "உங்கள் ஊரில் பேய் எங்கே இருக்கிறது?" என்பதே அது. பாடத்திற்கும் கேள்விக்கும் தொடர்பு உண்டு, பிறகு சொல்கிறேன். தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், செங்கம், போளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வார்கள். ஏரிக்கரைப் புளியமரம், பிள்ளைத்தாய்ச்சி விழுந்து இறந்த பாழுங்கிணறு, இரயில்வே கேட்டை அடுத்த சப்பாத்திக்கள்ளிப் புதர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முகவரி இருக்கிறது. திருவண்ணாமலை நகரத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவர்கள்தாம் விழிப்பார்கள். மிகவும் வற்புறுத்தினால் கிரிவலப் பாதையைச் சொல்வார்கள். நள்ளிரவுக்குமேல் நிருதி லிங்கத்தைத் தாண்டிப் போனால் யாரோ பின்னாலிருந்து சுண்ணாம்பு கேட்பார்களாம். வெள்ளைச்சேலை உடுத்திய ஒருத்தி எப்போதும் நூறடி முன்னாலேயே நடந்துகொண்டிருப்பாளாம். சொல்லி முடிக்குமுன்பே பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்: "அது யாராவது சாமியாரம்மாவா இருக்கும் ஐயா."

அந்தக் கேலியில் உண்மை இருக்கிறது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் விடிய விடிய நடக்கும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் பேய்க்குத் தனிமை ஏது?

ஆயினும் இது வேடிக்கையாகக் கடந்துவிடக்கூடிய செய்தியன்று எனத் தோன்றியது. இவ்வளவு பழமையான ஊர், இத்தனை போர்களைக் கண்ட ஊர், ஆதரவின்றி வந்து சேர்பவர்கள் நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கும் ஊர். இங்கே பேய்க்கதைகள் ஏன் இவ்வளவு சோனியாக இருக்கின்றன?

தொல்காப்பியத்திற்கு வருகிறேன். காஞ்சித் திணையின் துறைகளை அடுக்கும் நூற்பாவில் இரண்டு காட்சிகள் வருகின்றன. புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் நெருங்காதபடி அவன் மனைவி காவலிருப்பது ஒன்று. காவலுக்குச் சுற்றத்தார் ஒருவரும் இல்லாதபோது அந்தப் புண்பட்டவனைப் பேயே ஓம்புவது மற்றொன்று. 'ஓம்புதல்' என்னும் சொல்லை நான் ஒவ்வொரு முறையும் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். விருந்தோம்பல் என்று சொல்லும்போது வருகிற அதே சொல். பேய் அவனைத் தின்ன வந்ததா, காக்க வந்ததா என்று பொருள் கொள்வதில் வேறுபாடு இருக்கலாம். எப்படிக் கொண்டாலும், மனிதர்கள் இல்லாத இடத்தை நிரப்ப வருவதே பேய் என்னும் கருத்து அந்நூற்பாவில் உண்டு. பேய் இருப்பது மரத்திலா கிணற்றிலா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, செத்தவனுக்கு யார் இருக்கிறார்கள் என்பதே. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்.

திருவண்ணாமலையில் செத்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மற்ற ஊர்களில் எல்லைக்கு வெளியே வைக்கப்படும் சாவு, இங்கே ஊர் நடுவே பூசை பெறுகிறது. குகை நமசிவாயர், விரூபாட்ச தேவர், ஈசானிய ஞானதேசிகர், 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகள், 1950இல் மறைந்த இரமணர், 2001இல் மறைந்த யோகி ராம்சுரத்குமார் எனச் சமாதிகளைக் கொண்டே ஊருக்கு வழி சொல்லிவிடலாம். பிற ஊர்களில் இடுகாட்டை ஒட்டிய மனைக்கு விலை குறையும். இங்கே சமாதிக்குப் பக்கத்து வீட்டுக்கு வாடகை கூடுகிறது!

இரமணரின் முதல் இருபது ஆண்டுகளை ஒரு நிலப்படமாக வரைந்து பார்த்தால், ஊரார் கால் வைக்க அஞ்சிய இடங்களின் பட்டியல் கிடைக்கும். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் பதினாறு வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் அவர். சில வாரங்களுக்குள் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே இருந்த பாதாள லிங்கத்தின் இருட்டறைக்குள் போய் அமர்ந்துகொண்டார். வெளிச்சமோ துடைப்பமோ போகாத குழி அது. பூச்சிகள் அரித்துத் தொடையில் புண்ணாகிச் சீழ் வடிந்தும் அவர் எழவில்லை. மேலேயிருந்து பையன்கள் கல்லெறிந்தார்கள். உள்ளே இறங்கித் துரத்தும் துணிச்சல் அவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேஷாத்திரி சுவாமிகள் அச்சிறுவனைக் காக்க முனைந்ததும், பின்னர்ச் சிலர் அவரைத் தூக்கிவந்து வெளியே கிடத்தியதும் பலரும் அறிந்தவை. அடுத்த ஆண்டு அவர் தங்கியது ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்னும் சமாதி மடம், அங்கே எறும்புப்படை. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. அக்குகைக்குள் விரூபாட்ச தேவரின் உடல் திருநீறாக மாறிவிட்டது என்பது மரபு. அந்தத் திருநீற்று மேடைக்கு முன்னால்தான் அத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். 1905இல் பிளேக் வந்து ஊரே வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறியபோதும் அவர் அகலவில்லை. பச்சையம்மன் கோயிலில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். ஆளற்ற தேரடி வீதியை, விளக்கில்லாத சன்னிதித் தெருவைக் கற்பனை செய்து பாருங்கள். பேய்க்கதை பிறக்க அதைவிட நல்ல களம் கிடையாது. ஆனால் அந்த ஆறு மாதத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரு துறவியின் வரலாற்றுக் குறிப்புத்தான்.

பாதாள லிங்கம் பின்னர்த் திருத்திக் கட்டப்பட்டு, 1949இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜியால் திறந்து வைக்கப்பட்டது. பூச்சி அரித்த குழி தரிசன இடமாயிற்று. இந்த ஊர் தன் அச்சங்களைக் கையாளும் முறையே இதுதான். இருட்டு இருக்கும் இடத்தில் ஒரு சாமியார் போய் உட்காருகிறார். பின்னால் ஊர் விளக்கோடு போகிறது.

குகை நமசிவாயரைப் பற்றி வழங்கும் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. அவரைச் சோதிக்க எண்ணிய இளைஞர்கள், உயிரோடிருந்த ஒருவனைப் பாடையில் கிடத்தி அழுதுகொண்டே தூக்கிவந்து, "எழுப்பிக் கொடுங்கள் சாமி" என்றார்களாம். போன உயிர் போனதுதான் என்றார் அவர். சிரித்துக்கொண்டே துணியை விலக்கினால், கிடந்தவன் உண்மையாகவே பிணமாகியிருந்தான். சினம் தணியாத நமசிவாயர் ஊரைச் சபித்து வெண்பா பாடத் தொடங்கினார். இந்த ஊர் அப்படிப்பட்டது, இப்படிப்பட்டது என அடுக்கிக்கொண்டே வந்து, அழியும் என்று முடிக்கப்போகும் தறுவாயில் அண்ணாமலையார் குறுக்கிட்டு, "நானும் இந்த ஊரில்தானே இருக்கிறேன்" என்றாராம். ஆகவே ஈற்றடியில் 'அழியும்' என்பது 'அழியாத' என்று மாறிற்று. கதையின் நயம் கடைசி வரியில் இருப்பதாகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பாடையில் கிடந்தவன் நினைவே வருகிறது. அவனுக்குப் பெயர் இல்லை. ஊர் பிழைத்தது, அவன் பிழைத்ததாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

இனி வல்லாள மகாராசன்.

போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டத்துக்கு வந்தவன். 1311இல் மாலிக் காபூரின் படை அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரத்தை அடைந்தது. 1327ஐ ஒட்டி முகமது பின் துக்ளக்கின் படை அந்நகரைப் பாழாக்கியபின், தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்து திருவண்ணாமலையைத் தன் இருக்கையாக்கிக்கொண்டான். கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரால் நிற்கிறது. அங்கே கைகூப்பி நிற்கும் உருவத்தை அவனுடையதாகக் காட்டுகிறார்கள். கன்னட நாட்டு அரசன் ஒருவன் முதுமையில், தலைநகரை இழந்து, இந்த மலையடிவாரத்தில் வந்து தங்கி, தெற்கே மதுரை சுல்தான்களோடும் வடக்கே தில்லியோடும் போராடிக்கொண்டிருந்தான்.

அவன் முடிவை நமக்குச் சொல்பவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானியும் அவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள், அதாவது சகலைகள். ஆகவே அவர் எழுதியிருப்பது எதிரியின் வசைமொழி என்று தள்ளத்தக்கதன்று. வீட்டு மனிதரின் சாட்சியம். திருவரங்கத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பத்தை வல்லாளன் பல மாதம் முற்றுகையிட்டிருந்தான். உள்ளே இருந்தவர்களுக்கு உணவு தீரும் நிலை. சரணடைவதற்குமுன் சுல்தானின் ஒப்புதலைக் கேட்டு எழுத வேண்டும் என்று அவர்கள் பதினான்கு நாள் தவணை கேட்டார்கள். வல்லாளன் கொடுத்தான். (போர் நூல்கள் எதிலும் பரிந்துரைக்கப்படாத பெருந்தன்மை.) அந்தத் தவணைக்குள் மதுரைப் படை வந்து, மதிய ஓய்வு வேளையில், குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த பாளையத்தின்மேல் பாய்ந்தது. எண்பது வயதைக் கடந்த அரசன் குதிரையேற முயலும்போது பிடிபட்டான். விடுவிப்பதாகச் சொல்லி அவனுடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டபின் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தாம் கண்ணால் கண்டதாக எழுதுகிறார் பதூதா. இது 1342ஐ ஒட்டிய நிகழ்ச்சி.

உடல் இல்லை, எரியூட்டல் இல்லை, சொந்த மண்ணும் இல்லை. தோல் மட்டும் பகைவன் மதிலில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. நம் மரபில் பேயாவதற்கு இதைவிட முழுமையான தகுதி யாருக்கும் இருக்க முடியாது. மதுரையில் அல்லது கண்ணனூரில் அவன் ஆவி உலவுவதாகக் கதை எழுந்திருக்கலாம். எழுந்தது வேறொரு கதை.

எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் வல்லாளனுக்குத் தனிச் சருக்கமே ஒதுக்குகிறது. மகப்பேறற்ற மன்னனைச் சோதிக்கச் சிவபெருமான் சங்கம அடியாராக வந்து கணிகை ஒருத்தி வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள கணிகையர் அனைவரையும் அவருடன் வந்தவர்களே முன்னதாக அமர்த்திக்கொண்டுவிட்டார்கள். சொன்ன சொல் தவறக்கூடாதென மன்னன் தன் இளைய தேவி சல்லமாதேவியை அனுப்புகிறான். அவள் தொட்டதும் அடியார் கைக்குழந்தையாகி அழுகிறார். பிறகு மறைந்து, தாமே மகனாக இருந்து இறுதிக்கடன் ஆற்றுவதாக வாக்களிக்கிறார். பெரியபுராணத்து இயற்பகை நாயனாரை அறிந்தவர்களுக்கு இந்த வார்ப்பு புதியதன்று. அங்கும் இங்கும் அனுப்பப்படுகிறவளின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை என்பதைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை. ஆனால் இங்கே கூடுதலாக ஒன்று இருக்கிறது. இக்கதையின் நோக்கம் அடியாரின் பெருமையைக் காட்டுவதோடு நிற்கவில்லை. ஒரு சாவுக்குப் பிள்ளை தேடித் தருகிறது. மதுரை மதிலில் தொங்கிய தோலைப் பற்றி ஊரார் அறிந்திருந்தார்களா, அறிந்தும் சொல்லாமல் விட்டார்களா என்பதை எவர் சொல்ல முடியும்? கடவுளையே கொள்ளி வைக்கும் மகனாக்கினால்தான் ஆறக்கூடிய காயம் ஒன்று அவர்களுக்கு இருந்தது என்று நான் கருதுகிறேன்.

அந்த வாக்கு இன்றும் காப்பாற்றப்படுகிறது. தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசானிய லிங்கத்தை அடுத்த குளத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். போகும்போது மேளதாளம் உண்டு. திரும்பும் வழியில், வல்லாள மகாராசன் போரில் இறந்த செய்தி அவருக்கு அறிவிக்கப்படுகிறது. அத்துடன் வாத்தியங்கள் நின்றுவிடும். இறைவன் ஓசையின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். ஈசானிய லிங்கத்தை ஒட்டித்தான் ஊரின் மயானமும் இருக்கிறது. சாவுச் செய்தி கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமான இடம்! ஒரு முழுநிலவு கழித்து, மாசி மகத்தன்று, ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் அண்ணாமலையார் தந்தைக்குத் திதி கொடுக்கிறார். பிறகு, தந்தைக்குப்பின் மகன் என்ற முறையில் அவருக்கே பட்டம் சூட்டும் சடங்கும் நடக்கிறது.

ஏறத்தாழ 680 ஆண்டுகள். பேரரசுகளின் வாரிசுகளே மூன்றாம் தலைமுறையில் முன்னோரின் நாளை மறந்துவிடும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. வல்லாளன் பேயாகவில்லை. ஆகும்படி ஊர் விடவில்லை.

இவ்விடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் தலபுராணத்திற்கு ஒரு பாராட்டுரையாக முடிந்திருக்கும். என்னை உறுத்துவது இதற்கு அடுத்த பகுதி.

செங்கம் கணவாய் பாராமகாலையும் கர்நாடகச் சமவெளியையும் இணைக்கும் வழி. அதன் வாயிலில் இருப்பது திருவண்ணாமலை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு, மராத்தியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூரார் எனத் தென்னாட்டில் படை நடத்திய அனைவருக்கும் இந்த ஊர் தேவைப்பட்டது. உயர்ந்த மதில்களை உடைய கோயில் படையினருக்குக் கோட்டையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1753க்கும் 1791க்கும் இடையே இவ்வூர் 10 முறை முற்றுகையிடப்பட்டது. 6 முறை பிடிபட்டது. அவற்றுள் 3 முறை நேரடித் தாக்குதலால் என்று ஆங்கில ஆட்சிக்கால அரசிதழ்த் தொகுதி கணக்குக் கொடுக்கிறது. 38 ஆண்டுகளில் 10 முற்றுகை. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமாகி, பிள்ளை பெறும் காலத்துக்குள் சராசரியாக நான்காண்டுக்கு ஒரு முறை ஊர் வாசலில் பீரங்கி.

இவற்றுள் பெரியது 1767 செப்டம்பர் 26ஆம் நாள் நடந்த போர். ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் சேர்ந்து விரட்ட, செங்கம் கணவாயில் செப்டம்பர் 3ஆம் நாள் ஒரு மோதலை முடித்துக்கொண்டு ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட்டின் படை வந்து சேர்ந்தபின் திருப்பித் தாக்கினார். ஆங்கிலேயர் தரும் கணக்கின்படி ஐதர் - நிசாம் கூட்டணி நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களையும் 64 பீரங்கிகளையும் இழந்தது. கம்பெனிப் படையில் இழப்பு 150 அளவில். வென்றவர் கணக்கு என்பதால் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வோம். பாதியாக்கினாலும் ஈராயிரம் பேர். கம்பெனியின் சிப்பாய்களிலும் பெரும்பகுதியினர் தமிழரும் தெலுங்கருமே. எதிர்த்தரப்பிலோ கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் என எல்லா மொழியும் பேசியவர்கள். எந்த மொழியில் அம்மாவை அழைத்துச் செத்தார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாது.

அவர்களை எங்கே எரித்தார்கள், எங்கே புதைத்தார்கள்? ஊரில் ஒரு கல் இல்லை. ஒரு தெருப்பெயர் இல்லை. இதுதான் என்னை வியக்க வைப்பது: ஒரு பேய்க்கதைகூட இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மாணவர்களிடம் கேட்டு வருகிறேன். சிப்பாய்ப் பேயைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கப் பேய்கள் திரண்டு வரும். அக்காட்சியைக் கோரம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு போரில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஒரு மொழி நினைவில் வைத்துக்கொள்ள அதுவும் ஒரு வழியே. 1767இன் களத்துக்குப் பரணி பாடப்படவில்லை. கூழ் சமைக்க ஒரு பேய்கூட வரவில்லை.

இது நம் மரபின் இயல்பும் அன்று. திருவண்ணாமலையிலிருந்து சிறிது தொலைவிலேயே, செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலந்தொட்டு நடப்பட்ட நடுகற்கள் செறிந்து கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. அதைப் புரட்டினால் கிடைப்பவர்கள் மன்னர்கள் அல்லர். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரழிந்தபோது எதிர்த்து நின்று செத்தவன். அவன் பெயர், யாருடைய ஆள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று எல்லாம் கல்லில் இருக்கும். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. அதில் கருந்தேவகத்தி என்னும் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்து, தலைவன் அருகே காவல் நின்ற நாய். அதன் பெயரைக் கோவிவன் என்று படித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த கல், பதினெட்டாம் நூற்றாண்டில் ஈராயிரம் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதே. மாடு மீட்டவன் ஊருக்காகச் செத்தவன், அவன் தம்பியும் மச்சானும் அங்கேயே இருந்தார்கள், கல் நட்டார்கள். 1767இல் செத்தவன் கூலிக்குச் செத்தவன். வேறெங்கோ பிறந்து, தனக்குத் தொடர்பில்லாத இருவரின் சண்டையில், பெயர் தெரியாத மலையின் நிழலில் விழுந்தவன். அவன் ஊரில் அவன் தாய் எத்தனை ஆண்டு காத்திருந்தாளோ!

தாய் காத்திருப்பது பற்றி எனக்கு ஓரளவு தெரியும். என் தந்தையின் இளைய தம்பி 1983இல் வீட்டைவிட்டுப் போனார். எனக்கு அப்போது நான்கு வயது. அவர் முகம் ஒரு புகைப்படத்தின் முகமாகவே என் நினைவில் இருக்கிறது. போன ஆறாம் மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. திருவண்ணாமலையில் இருக்கிறேன், தேட வேண்டா என்று இரண்டு வரி. அப்பா இரண்டு முறை வந்து மடம் மடமாகத் தேடித் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டு கடந்தால் இறந்தவராகக் கொண்டு கருமாதி செய்துவிடலாம் என்று உறவினர் சொன்னபோது பாட்டி கேட்கவில்லை. "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளுந்தண்ணியும் விடச் சொல்றீங்களாடா" என்றார். 2004இல் அவரும் போய்ச் சேர்ந்தார். இந்த ஊரில் எனக்கு வேலை கிடைத்தது தற்செயல் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரிவலப் பாதையில் காவியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் முதியவர்களின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. அவர்களுள் பலர் அங்கேயே இறக்கிறார்கள்; உடன் இருந்தவர்கள் "சாமி அடங்கிட்டாரு" என்பார்கள். ஊர் எது, பெயர் எது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது.

மலை தானே இறங்கி வந்த நாளும் ஒன்றுண்டு. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1ஆம் நாள், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13ஆம் நாள் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது; பக்தர்கள் மலையேற மட்டும் அவ்வாண்டு அனுமதி இல்லை. மலையே சிவம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த வாரம் அதைச் சொல்லவேண்டிய பாடம் வந்தபோது வேறு பாடத்தை எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஆண்டு வழக்கமான என் கேள்விக்கு ஒரு மாணவி, "அந்தப் பக்கம் ராத்திரியில பிள்ளைங்க விளையாடுற சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க ஐயா" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நகரத்துப் பிள்ளை ஒன்று இடம் குறித்துச் சொன்ன முதல் கதை அது. தொல்காப்பியத்தைத் திறந்து வைத்திருந்தேன். நூற்பாவைப் படிக்காமல் மூடிவிட்டேன்.

சென்ற மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு போயிருந்தேன். ஆற்றங்கரையில் கூட்டம். அண்ணாமலையார் மகனாக வந்திருந்தார். அவர் தந்தைக்குக் கடன் தீர்க்கும் அதே கரையில், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் தத்தம் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி நனைய உட்கார்ந்திருந்த வயதான ஐயர் ஒருவர் முன்னால் நானும் அமர்ந்தேன். அப்பாவுக்குச் செய்தாயிற்று. பாட்டன், பூட்டன் பெயர்களும் சொல்லியாயிற்று.

"வேற யாராவது இருக்காளா?"

சித்தப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"காலமாகி எத்தனை வருஷம் ஆறது?"

தெரியாது என்றேன். இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது என்றேன். அவர் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். அப்படியானால் பெயர் சொல்ல வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு மந்திரம் உண்டு. தாய், தகப்பன், உறவு, நட்பு என்று யாருமே இல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் பொதுவாக விடுகிற தண்ணீர் அது. அதற்குப் பெயரும் வேண்டாம், கோத்திரமும் வேண்டாம், யாருக்குப் போகணுமோ அவாளுக்குப் போகும் என்றார்.

தர்ப்பைப் புல்லைக் கழற்றி, எள்ளோடு, சொன்னபடி நீரை விட்டேன். கௌதம நதியில் அவ்வளவாகத் தண்ணீர் இல்லை. எழுந்து திரும்பியபோது பல்லக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.